படகில் கேஸ் சிலிண்டர்: கீழே வேண்டாம், மேலே வையுங்கள்!

ஒரு வாரம், பத்து நாள் என்று கடலில் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகு ஒரு சின்ன வீடு மாதிரி. அதில் படுக்க இடம் உண்டு, குடிதண்ணீர் உண்டு, அரிசி பருப்பு உண்டு. சமைக்க ஓர் அடுப்பும் கேஸ் சிலிண்டரும் உண்டு. வீட்டுக்கும் படகுக்கும் ஒரே ஒரு பெரிய வித்தியாசம்தான். வீட்டில் கேஸ் வாசனை வந்தால் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது?

உங்கள் அப்பாவோ அண்ணனோ மாமாவோ படகில் போகிறவராக இருக்கலாம். நீங்களே படகு உரிமையாளராகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரையைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும். படித்து முடித்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “நம்ம படகுல சிலிண்டர் எங்க இருக்கு?”

துறைமுகத்தில் கேட்டது

இதே கேள்வியைத் துறைமுகத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு படகு உரிமையாளரிடம் கேட்டேன்.

“கீழ எஞ்சின் ரூம் ஓரத்துல கட்டி வச்சிருவோம் தம்பி. மேல வச்சா உப்புத் தண்ணி பட்டு துரு புடிச்சிரும். அலை அடிச்சா உருளும். கரையில நிக்கும்போது எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்.”

“கேஸ் லீக் ஆனா என்னண்ணே பண்ணுவீங்க?”

“வாசனை வருமுல்ல? வந்தா ஆஃப் பண்ணிருவோம்.”

துரு, அலை, திருட்டு. அவர் சொன்ன மூன்று காரணமும் நியாயமானவை. அனுபவத்தில் இருந்து வந்தவை. ஆனால் அந்த மூன்றுக்கும் வேறு வழி இருக்கிறது. எஞ்சின் ரூமில் கேஸ் தேங்கினால் அதற்கு வேறு வழி இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

கேஸ் மேலே போகாது, கீழே இறங்கும்

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி சிலிண்டரில் அடைக்கிறார்கள். வெளியே வந்தால் அந்தத் திரவம் ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அதனால் புகை மாதிரி மேலே எழும்பாது. தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடும்.

வீட்டில் அது கதவிடுக்கு வழியாக வெளியேற வாய்ப்பு உண்டு. படகின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தானே படகைக் கட்டுகிறோம்? தண்ணீரை உள்ளே விடாத அதே பலகை, உள்ளே விழுந்த கேஸை வெளியே விடாது. எஞ்சினுக்குக் கீழே, கசிவு நீர் தேங்கும் பள்ளம் இருக்கிறதே, கேஸ் போய்ச் சேரும் இடமும் அதுதான். அங்கேயே மணிக்கணக்கில் கிடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் ரூம் 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 கன மீட்டர். காற்றில் கேஸ் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். 18 கன மீட்டரில் 2 சதவீதம் என்றால் 360 லிட்டர் வாயு. அதன் எடை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ முக்கால் கிலோ. அதாவது 5 கிலோ சிலிண்டரில் ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம். அதுவும் கேஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. அடியில் மட்டும் தேங்கினால் இதைவிடக் குறைவான கேஸே போதும்.

அடுத்து வேண்டியது ஒரு பொறி. எஞ்சின் ரூமில் பொறிக்குப் பஞ்சமா? பேட்டரி முனைகள், செல்ஃப் மோட்டார், தண்ணீர் இறைக்கும் பம்பின் சுவிட்ச் என்று எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. இரவெல்லாம் கேஸ் மெல்லக் கசிகிறது. விடியற்காலையில் ஒருவர் எழுந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்கிறார். அந்த ஒரு நொடி போதும்.

“வாசனை வருமே?”

வரும். கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஆனால் படகில் மூக்கை மட்டும் நம்ப முடியாது. டீசல் நாற்றம், மீன் நாற்றம், எஞ்சின் புகை எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்குக்கும் பழகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேஸ் தேங்குவது கீழே. நம் மூக்கு இருப்பது மேலே, காற்றடிக்கும் டெக்கில்.

ஆகவே, கசிந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, கசிந்தாலும் கேஸ் கடலுக்குப் போகும்படி சிலிண்டரை வைப்பதே பாதுகாப்பு. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் இருந்து வருபவைதான்.

நடந்த இரண்டு சம்பவங்கள்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பயணிகள் விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் அதற்குக் காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. மூடிய சின்ன இடத்தில் சிலிண்டர் இருந்தால் தப்பிக்க எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கும் என்பதை அன்று பார்த்தோம். படகின் கீழ்த்தளம் அந்தப் பெட்டியைவிடக் குறுகலானது.

அதே ஆண்டு நவம்பர் 19 இரவு, விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ அடுத்தடுத்த படகுகளுக்குத் தாவியது. 30-க்கும் மேற்பட்ட படகுகள் எரிந்தன. படகுகளில் இருந்த டீசலும் கேஸ் சிலிண்டர்களும் தீயணைப்பை இன்னும் கடினமாக்கின. நம் படகு நிற்பதும் தனியாக அல்ல, பத்துப் படகுகளோடு ஒட்டித்தான். நம் சிலிண்டர் பக்கத்துப் படகுக்காரரின் கவலையும்கூட.

சரி, எங்கே வைப்பது?

மேல்தளத்தில், திறந்த வெளியில், தனிப் பெட்டியில். வீல் ஹவுஸுக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ, எஞ்சின் புகைக்குழாயில் இருந்து தள்ளி இடம் பாருங்கள். எஞ்சின் ரூம், ஐஸ் அறை, படுக்கும் அறை இவற்றின் மூடிக்குப் பக்கத்தில் வேண்டாம். கசிந்த கேஸ் அந்த வாய் வழியாகவே உள்ளே இறங்கிவிடும்.

ஃபைபர் வேலை செய்பவரிடமோ தச்சரிடமோ பெட்டி செய்யச் சொல்லும்போது இவற்றைச் சொல்லுங்கள்:

1. மூடி மேல்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். பக்கவாட்டிலும் அடியிலும் படகின் உட்புறம் நோக்கி எந்த ஓட்டையும் இருக்கக் கூடாது.

2. பெட்டியின் அடியில் ஒரு குழாய் வைத்து, அதன் மறுமுனையைப் படகுக்கு வெளியே, நீர்மட்டத்துக்கு மேலே விட வேண்டும். உள்விட்டம் குறைந்தது 19 மில்லிமீட்டர். குழாய் நேராகக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொய்ந்தால் தண்ணீர் தேங்கி அடைத்துவிடும், கேஸ் வெளியே போகாது.

3. அந்தக் குழாய் வெளியே முடியும் இடத்துக்கும், படகின் உள்ளே போகும் எந்தத் திறப்புக்கும் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும்.

4. பெட்டிக்குள் சிலிண்டரும் ரெகுலேட்டரும் மட்டுமே. கயிறு, பேட்டரி, டீசல் கேன், டார்ச் எதுவும் வேண்டாம். “இடம் இருக்குல்ல, இதையும் போட்டு வைப்போம்” என்கிற பழக்கம் இங்கே மட்டும் வேண்டவே வேண்டாம்.

5. வெளிப்பக்கம் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் வெயில் சூடு குறையும்.

பெட்டி செய்ய இப்போது வசதி இல்லையா? டெக்கில் தண்ணீர் வழிந்து கடலுக்குப் போகும் துளைகள் இருக்கும் பக்கமாகச் சிலிண்டரை நிறுத்தி இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீர் போகிற வழியில் கேஸும் போய்விடும். எஞ்சின் ரூமைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அந்த மூன்று கவலைகளுக்கு வழி

துரு: சிலிண்டருக்கு அடியில் ரப்பர் விரிப்போ மரச்சட்டமோ போட்டு, தண்ணீரில் நிற்காமல் உயர்த்தி வையுங்கள். முதலில் துருப்பிடிப்பது சிலிண்டரின் அடிவளையம்தான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். செதில் செதிலாகத் துரு உரிந்தால் அந்தச் சிலிண்டரை அடுத்த பயணத்துக்கு எடுக்காதீர்கள், ஏஜென்சியில் மாற்றிவிடுங்கள். துருவே பிடிக்காத ஃபைபர் இழைச் சிலிண்டர்களும் இப்போது கிடைக்கின்றன. அதில் கேஸ் எவ்வளவு மிச்சம் என்பதும் வெளியில் இருந்தே தெரியும். உங்கள் ஏஜென்சியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அலை: சிலிண்டர் எப்போதும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயு வர வேண்டிய வழியில் திரவம் வந்துவிடும். அடுப்பில் திடீரென்று பெரிய ஜுவாலை எழும்பும். ஒரே கயிற்றில் இடுப்பில் மட்டும் கட்டாமல், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இடத்தில் பட்டை போட்டு இறுக்குங்கள். மூச்சுப்பிடித்து அவிழ்க்கிற முடிச்சு வேண்டாம். அவசரத்தில் ஒரே இழுப்பில் கழல வேண்டும்.

திருட்டு: பெட்டிக்குப் பூட்டு போடலாம். ஆனால் கரையில் நிற்கும்போது மட்டும். கடலில் பூட்டு வேண்டாம். சாவியைத் தேடுகிற நேரத்தில் தீ காத்திருக்காது. இன்னும் நல்ல வழி, 5 கிலோ சிலிண்டர். ஒரு கையில் தூக்கி வீட்டுக்கே எடுத்துப் போய்விடலாம்.

எந்தச் சிலிண்டர்?

வீட்டு இணைப்புக்கு வரும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே. தொழிலுக்குப் போகும் படகில் அதைப் பயன்படுத்த விதி இடம் தரவில்லை. அது கனமும் அதிகம். உலோகத்தின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவைத் தொடும். ஆடுகிற படகில் அவசரத்துக்கு அதை நகர்த்துவது லேசு இல்லை.

இணைப்பு இல்லாமலே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரை ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை, ஓர் அடையாள அட்டை போதும். காலியானதும் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வால்வு மேல் சீலும் மூடியும் சரியாக இருக்கிறதா? இரண்டு, கைப்பிடியைத் தாங்கும் பட்டையின் உட்புறம் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும். உதாரணத்துக்கு ‘சி-28’ என்ற பொருளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால், 2028 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபரிசோதனை செய்ய வேண்டும். ஆங்கில அகரவரிசையின் முதல் நான்கு எழுத்துகளும் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். முதல் எழுத்து ஜனவரி முதல் மார்ச் வரை; நான்காவது எழுத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தேதி கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

டியூபும் அடுப்பும்

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூபையே பயன்படுத்துங்கள். வீட்டில் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உப்புக்காற்றும் வெயிலும் படுகிற படகில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ விறைப்போ தெரிந்தால் ஆண்டுக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப்போட்ட டியூப் வேண்டாம். எஞ்சின் ரூம் வழியாக டியூப் போகவே கூடாது.

அடுப்பைத் தளத்தோடு சேர்த்துத் திருகி முடுக்குங்கள். பாத்திரம் சரியாமல் இருக்கச் சுற்றிலும் கம்பித் தடுப்பு வையுங்கள். கடல் காற்றில் அடுப்பு அணைவது சகஜம். சுடர் அணைந்தும் நாப் திறந்திருந்தால் எரியாத கேஸ் வந்துகொண்டே இருக்கும். அதனால் அடுப்பு எரியும்போது ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுடர் அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகளும் விற்கின்றன. புது அடுப்பு வாங்கப்போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சமைத்து முடித்ததும் அடுப்பு நாபை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூடுங்கள். இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வு மேல் மூடியைப் போட்டுவிடுங்கள். காலிச் சிலிண்டருக்கும் இதே விதிதான். காலி என்று நாம் சொன்னாலும் உள்ளே கொஞ்சம் கேஸ் இருக்கும். அதையும் கீழே போட்டு வைக்கக் கூடாது.

குளிருகிறது என்று மூடிய வீல் ஹவுஸுக்குள் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வதும் ஆபத்து. காற்று போதாமல் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடலாம்.

கசிவு பார்ப்பது எப்படி?

தீக்குச்சி வேண்டாம்! சோப்புக் கரைசல் போதும். கடல் தண்ணீரில் நுரை சரியாக வராது, அதனால் நல்ல தண்ணீரில் கரையுங்கள். வால்வு, ரெகுலேட்டர், டியூபின் இரண்டு முனை, அடுப்பின் நாப் இவற்றில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கடலுக்குக் கிளம்பும் முன் 2 நிமிட வேலை இது.

கடலில் கேஸ் வாசனை வந்தால்

பதற்றத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று செய்வோம். அதனால் வரிசையை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. அடுப்பு, பீடி, சிகரெட், சாமி விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள்.

2. ரெகுலேட்டரை மூடி, கழற்றி, வால்வு மூடியைப் போடுங்கள்.

3. எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. மின்சாரப் பம்பையும் தொடாதீர்கள்.

4. கீழே தூங்குகிறவர்களை எழுப்பி எல்லோரும் மேலே வாருங்கள். லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

5. எல்லா மூடிகளையும் திறந்து காற்று உள்ளே போக விடுங்கள்.

6. அடியில் தேங்கிய கேஸை வெளியே எடுக்க வேண்டும். கேட்டால் சிரிப்பு வரலாம். பிளாஸ்டிக் வாளியால் தண்ணீர் இறைப்பது மாதிரியே கேஸையும் இறைத்துக் கடலில் கொட்டலாம். கனமான வாயு என்பதால் வாளியில் ஏறி வரும். கைப்பம்பு இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

7. போன் பேச வேண்டும் என்றால் திறந்த டெக்கில், கேஸ் இருக்கும் இடத்தில் இருந்து காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

வாசனை முழுக்கப் போய், அதன் பிறகும் வெகுநேரம் காற்றோட விட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும்.

சிலிண்டர் முனையில் தீ பிடித்துவிட்டதா? கை எட்டும் நிலையில் இருந்தால் ஈரச் சாக்கால் கையை மூடிக்கொண்டு ரெகுலேட்டரை மூடுங்கள். மூட முடியாதபோது தீயை மட்டும் அணைக்காதீர்கள். தீ அணைந்தும் கேஸ் வந்துகொண்டிருந்தால் அது தேங்கி வெடிக்கும். தள்ளி நின்று தண்ணீர் ஊற்றிச் சிலிண்டரைக் குளிர வையுங்கள். தீ சிலிண்டரைச் சுற்றி வளைத்துவிட்டால் படகைப் பார்க்காதீர்கள், உயிரைப் பாருங்கள். தீயணைக்கும் பவுடர் கருவியை அடுப்புக்குப் பின்னால் மாட்டாமல், ஓடிவந்து எடுக்கிற இடத்தில் மாட்டுங்கள்.

யாரை அழைப்பது?

கடலில்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554. வயர்லெஸ் இருந்தால் 16-ஆவது சேனல்.
கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறை: 1093.
கரையில் நிற்கும்போது கேஸ் கசிவு: 1906, 24 மணி நேரமும்.
தீ, ஆம்புலன்ஸ், காவல் எல்லாவற்றுக்கும்: 112.

கடலில் சிக்னல் இருக்காது. அதனால் இந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படகு ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து வீல் ஹவுஸில் ஒட்டுங்கள். முக்கியமாக, சமையலுக்கு நிற்கும் புதுப் பையனுக்கு வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். ரெகுலேட்டரைத் தினமும் தொடுகிறவன் அவன்தான்.

இதையெல்லாம் எப்போது செய்வது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, எஞ்சின் பார்ப்பது எல்லாம் அந்த 61 நாளில்தான். அந்த வேலைப் பட்டியலில் ‘கேஸ் பெட்டி’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சிலிண்டரை எஞ்சின் ரூமில் இருந்து மேலே தூக்கி வைக்கத் தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு ஒரு கயிறும் ஐந்து நிமிடமும் போதும்.

துறைமுகத்தில் பார்த்த அந்த அண்ணனிடம் வாளிக் கதையைச் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு எழுந்து எஞ்சின் ரூம் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். “டேய், அந்தச் சிலிண்டர மேல ஏத்துங்கடா” என்று பையன்களைக் கூப்பிட்டார்.

உங்கள் படகில் சிலிண்டர் எங்கே இருக்கிறது? இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.